மருத்துவமனையா, ஆலோசனை அறையா, பள்ளிக்கூடமா: உளவியல் படித்தவர்கள் எந்தப் பக்கம் போவது?

எம்.எஸ்சி. உளவியலில் கடைசித் தேர்வை எழுதிவிட்டு வந்த என் அண்ணன் மகள், சாப்பிட உட்காரும் முன்பே கேட்டாள்: "அத்தை, கிளினிக்கலா, கவுன்சலிங்கா, பள்ளிக்கூடமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்." அந்த ஒரே வார்த்தை என்னிடம் இல்லை. நான் 6 ஆண்டுகள் பள்ளி ஆலோசகராக இருந்தேன். முப்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவ உளவியலில் எம்.பில். படித்தேன். இப்போது ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். வாரத்தில் மூன்று மாலைகள் தனியாகவும் ஆட்களைப் பார்க்கிறேன். மூன்று இடங்களிலும் உட்கார்ந்து பார்த்தவள் என்ற உரிமையில் அவளுக்குச் சொன்னதை, அவளைப் போலவே இந்தப் பருவத்தில் விண்ணப்பங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தவிக்கும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

கல்லூரியில் இந்த மூன்றையும் சிக்கலின் கடுமையை வைத்துப் பிரிப்பார்கள். கடுமையான மனநோய் என்றால் மருத்துவ உளவியல், அன்றாட வாழ்க்கைச் சிக்கல் என்றால் ஆலோசனை உளவியல், பிள்ளைகள் என்றால் பள்ளி உளவியல். தேர்வுக்கு அது போதும். வேலையில் இறங்கிய பிறகு எனக்குப் பட்ட வேறுபாடு வேறு. கதவைத் திறந்து உள்ளே வருகிறவரை யார் அழைத்து வந்தார்கள் என்று பாருங்கள். மருத்துவமனைக்குப் பெரும்பாலும் குடும்பம் அழைத்து வருகிறது. ஆலோசனை அறைக்கு ஆள் தானாக வருகிறார். பள்ளியிலோ குழந்தை அனுப்பப்படுகிறது. எதற்கு என்றுகூட அதற்குத் தெரியாது. தானாக வந்தவரிடம் பேசும் பேச்சு வேறு, இழுத்து வரப்பட்டவரிடம் பேசும் பேச்சு வேறு, 'போய் மிஸ்ஸைப் பார்' என்று அனுப்பப்பட்ட ஏழாம் வகுப்புப் பையனிடம் பேசும் பேச்சு வேறு. இந்த மூன்றில் எது உங்களுக்குக் கைவரும் என்பதே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

இவை மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1896 மார்ச்சில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லைட்னர் விட்மரிடம் ஒரு பள்ளி ஆசிரியை தன் மாணவனை அழைத்து வந்தார். 14 வயதாகியும் அவனுக்கு எழுத்துக்கூட்டி எழுத வரவில்லை. சோதித்துப் பார்த்த விட்மர், அவனுக்குப் பார்வைக் கோளாறு இருப்பதைக் கண்டு முதலில் கண்ணாடிக்கு ஏற்பாடு செய்தார். அதே ஆண்டில் அங்கே உலகின் முதல் உளவியல் கிளினிக் தொடங்கியது. 'கிளினிக்கல் சைக்காலஜி' என்ற பெயரை 1907இல் நிலைநாட்டியவரும் அவரே. மருத்துவ உளவியலின் முதல் கேஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு பையன்! 'பள்ளி ஆலோசகர்தானே' என்று யாராவது சாதாரணமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையனின் நினைவு வரும்.

முதலில் சட்டத்தைப் பேசிவிடலாம், பிள்ளைகள் அதிகம் ஏமாறும் இடம் அது. இந்த மூன்று பெயர்களில் இந்தியாவில் நெடுங்காலமாகச் சட்டத்தின் காவல் உள்ள பெயர் ஒன்றுதான்: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, அந்தக் கவுன்சிலின் மையப் பதிவேட்டில் பெயர் ஏறியிருந்தால்தான் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். ஆர்.சி.ஐ. என்று நாங்கள் சொல்வது இந்தக் கவுன்சிலைத்தான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதை வரையறுத்திருக்கிறது. உளவியலில் முதுகலை, அதன்மேல் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பயின்ற இரண்டாண்டு முழுநேர எம்.பில். வேண்டும், அல்லது ஆர்.சி.ஐ. ஏற்றுக்கொண்ட வேறு தகுதி வேண்டும். ஆகவே அந்த அங்கீகாரம் இல்லாத ஓர் எம்.எஸ்சி. பட்டத்தின் தலைப்பில் 'கிளினிக்கல்' என்று இருப்பதால் மட்டும் நீங்கள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட மாட்டீர்கள். இதை இரண்டு ஆண்டுக் கட்டணம் கட்டி முடித்த பிறகு தெரிந்துகொண்டு அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் சேரும்போது யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

எம்.பில். என்ற பாதையே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 1955இல் பெங்களூரில், தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான இன்றைய நிம்ஹான்ஸின் முன்னோடி நிறுவனத்தில் பட்டயப் படிப்பாகத் தொடங்கிய பயிற்சி அது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் எல்லா எம்.பில். படிப்புகளையும் நிறுத்தியது. பிறகு, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுச் சேர்க்கை வரை விலக்குக் கொடுத்தது. பள்ளிப் படிப்பை முடித்தவுடன் சேரும் நான்காண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ் மருத்துவ உளவியலை ஆர்.சி.ஐ. கொண்டுவந்திருக்கிறது, சை.டி. என்ற தொழில்முறை முனைவர் பட்டமும் இருக்கிறது. எனவே படிப்பின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். நீங்கள் சேரப் போகும் நிறுவனத்துக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். தொலைபேசியில் 'வந்துவிடும் மேடம், விண்ணப்பித்திருக்கிறோம்' என்று சொன்னால் அங்கே சேராதீர்கள்.

இடங்கள் குறைவு. தமிழ்நாட்டில் முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா என்று விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் நிறுவனங்கள். நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால் உதவித்தொகையுடன் படிக்கலாம். தனியாரிடம் போனால் லட்சக்கணக்கில் செலவாகும், இரண்டு ஆண்டுகளுக்கு வருமானமும் இருக்காது. நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு இது சிறிய விஷயம் இல்லை. அண்ணனிடமும் அண்ணியிடமும் இதை மறைக்காமல் பேசினேன்.

அந்த இரண்டு ஆண்டுகள் என்ன செய்யும்? என்னை உருக்கி வார்த்தன. முதலாண்டு முடிவில் ஐந்து நோய்க்கணிப்பு அறிக்கைகள், இரண்டாமாண்டில் ஐந்து சிகிச்சைப் பதிவுகள், ஓர் ஆய்வேடு. எண்ணிக்கை சிறியதாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் பிறப்பு முதல் இன்றுவரை. எந்தச் சோதனையை ஏன் கொடுத்தாய், ஏன் இன்னொன்றைக் கொடுக்கவில்லை என்று மேற்பார்வையாளர் குடைந்து குடைந்து கேட்பார். வார்டில் ஒரே நாளில் குரல்கள் கேட்பதாகச் சொல்லும் இளைஞரையும், குடியை நிறுத்தி மூன்றாம் நாளில் கை நடுங்கும் தகப்பனையும், பேச்சு வராத நான்கு வயதுக் குழந்தையையும் பார்ப்போம். புறநோயாளிப் பிரிவில் மனநல மருத்துவர் எழுதி அனுப்பும் சீட்டுகள் குவியும். பாதிச் சீட்டில் 'ஐ.க்யூ.' என்று மட்டும் இருக்கும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகக் காலை ஐந்து மணிப் பஸ்ஸைப் பிடித்து வந்த தாய், பிள்ளைக்குச் சோறூட்டியபடியே வரிசையில் உட்கார்ந்திருப்பார். நம் அறிக்கையில் எழுதும் ஓர் எண் அந்த வீட்டுக்கு வரும் உதவித்தொகையை முடிவு செய்யும். ஆகவே ஒரு நாளும் அவசரமாக எழுத முடியாது, எழுதவும் கூடாது.

மருந்து எழுதும் உரிமை நமக்கு இல்லை. 'பெரிய டாக்டர் எப்போது வருவார்?' என்று நம் முகத்துக்கு நேரே கேட்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்களுக்கு மருத்துவமனை சரிப்படாது. அதேபோல் குடும்பத்தோடு பேசப் பிடிக்காதவர்களுக்கும் சரிப்படாது. இங்கே நோயாளி தனியாக வருவதில்லை. கோவில், தர்கா, மந்திரித்த கயிறு என்று அலைந்து, கடைசியாகத்தான் நம்மிடம் வந்திருப்பார்கள். அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் கட்டப்பட்ட நிலையில் தீயில் மாண்ட 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பெரும்பாலும் குடும்பத்தினரே. போக வேறு இடம் அவர்களுக்குத் தெரியவில்லை. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக மருத்துவ உளவியலாளர்கள் இன்று மாவட்டத் தலைநகரங்கள் வரை போயிருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையான ஆறுதல். அரசு வேலையை நாடும் பிள்ளைகளும் இந்தத் திட்டத்தைக் கவனித்துவர வேண்டும்.

ஆலோசனை உளவியலுக்கு வருவோம். அமெரிக்காவில் இதன் வேர் நோயில் இல்லை, வேலைத்தேர்வில் இருக்கிறது. 1908இல் பாஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ், படிப்பை விட்டுவிட்டு வேலை தேடிய இளைஞர்களுக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் அலுவலகம் திறந்தார். பிறகு உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் வந்து, எதிரில் இருப்பவருக்கு வழி சொல்வதைவிட அவரை முழுமையாகக் கேட்பதே பெரிய வேலை என்று நிறுவினார். இன்று நம் ஊரில் இந்த வேலை எங்கெல்லாம் நடக்கிறது என்று பட்டியலிட்டால் வியப்பாக இருக்கும். குடும்பநல நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்டு வந்த கணவன் மனைவியோடு, அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனைக்கு வந்தவரோடு, குடிமீட்பு மையத்தில், கல்லூரியில், மென்பொருள் நிறுவனத்தில், அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணின் மறுமுனையில் என்று எங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

தானாக வந்தவரோடு வேலை செய்வதில் ஒரு நிறைவு இருக்கிறது. அவர் மாற விரும்பித்தான் வந்திருக்கிறார். 45 அல்லது 50 நிமிடங்கள் தடங்கல் இல்லாமல் கிடைக்கும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அது கனவு. ஆனால் தானாக வந்தவர் தானாக நின்றும் போவார். நான்காவது வாரம் ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த நாற்காலி காலியாக இருக்கும் மாலையில் நீங்கள் உங்களையே சந்தேகிப்பீர்கள். மாதச் சம்பளம் வரும் இடங்களில் பல ஒப்பந்த வேலைகளே. தனியாக அறை எடுத்துத் தொடங்கினால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகைக்கே தள்ளாடும்.

இந்தத் துறையின் பெரிய நோய் வேறு. மூன்று நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஆலோசகர் என்று பலகை மாட்டியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தற்கொலை எண்ணத்தோடு வந்த ஒரு பெண்ணிடம் 'பாசிட்டிவாக யோசியுங்கள்' என்று சொல்லி அனுப்பிய ஒருவரைப் பற்றிக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. 2021இல் நிறைவேறிய தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறைப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் பட்டியலில், ஆர்.சி.ஐ.யின் கீழ் வரும் மருத்துவ உளவியலாளர்கள் தவிர்த்த மற்ற உளவியலாளர்களும் ஆலோசகர்களில் பல வகையினரும் இடம்பெற்றிருக்கிறார்கள். அதன் தொடர்ச்சியாக, உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்துவதை 2025 கல்வியாண்டிலிருந்து நிறுத்தும்படி யுஜிசி உத்தரவிட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் உளவியல் படித்து வந்த இல்லத்தரசிகளையும் ஆசிரியர்களையும் இது பாதிக்கும், அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஒரு மனிதரைக்கூட நேரில் பார்க்காமல் பட்டம் பெற்றவரிடம் என் வீட்டுப் பிள்ளையை அனுப்புவேனா என்று கேட்டுப் பார்த்தால், அனுப்ப மாட்டேன். ஆலோசனைத் துறைக்குப் போகிறவர்கள் சட்டம் கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்காமல், மூத்தவர் ஒருவரிடம் ஒழுங்காக மேற்பார்வை பெறுங்கள். முடிந்தால் நீங்களும் ஒருவரிடம் சிகிச்சைக்குப் போங்கள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரியும்.

இனி பள்ளி. இதைப் பற்றி நான் அதிகம் பேசுவேன். என் மனம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கசப்பான உண்மை. அமெரிக்காவில் 'ஸ்கூல் சைக்காலஜிஸ்ட்' என்பது தனிப் பயிற்சி, தனி உரிமம், 1,200 மணி நேர உள்ளகப் பயிற்சி என்று வரையறுத்த தொழில். 500 மாணவர்களுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள தேசியச் சங்கத்தின் பரிந்துரை. இங்கே அப்படியொரு தனி உரிமம் கிடையாது. இருப்பது 'பள்ளி ஆலோசகர்' என்ற பதவி. சி.பி.எஸ்.இ. தன் இணைப்பு விதிகளில் முழுநேர ஆலோசகரை நியமிக்கச் சொல்கிறது. உளவியல் பட்டமோ, வழிகாட்டுதலிலும் ஆலோசனையிலும் பட்டயமோ தகுதியாகக் கேட்கிறது. என்.சி.இ.ஆர்.டி. அப்படியொரு பட்டயப் படிப்பை நடத்துகிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளில் சொன்னது. காகிதத்தில் இவ்வளவு வந்துவிட்டது. நடைமுறையில் நான் சேர்ந்த பள்ளியில் என் அறை, விளையாட்டுப் பொருள்கள் வைத்திருந்த அறையின் பாதி. ஆசிரியர் யாராவது விடுப்பு எடுத்தால் அந்தப் பாடவேளைக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். ஆண்டு விழாவில் வரவேற்புரை என் பொறுப்பு. என் முதல் சம்பளம் 11,000 ரூபாய். அதே பள்ளியில் அதே ஆண்டில் சேர்ந்த அறிவியல் ஆசிரியைக்கு என்னைவிட அதிகம்.

இருந்தும் அங்கே 6 ஆண்டுகள் இருந்ததற்குக் காரணம் உண்டு. மருத்துவமனைக்கு 20 வயதில் வருகிற சிக்கலைப் பள்ளியில் 9 வயதிலேயே பார்த்துவிடலாம். 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருந்தது. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதத்தினருக்கு இருந்தது. நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நாள்தோறும் போய் உட்காரும் இடம் வகுப்பறை.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைத் 'திமிர் பிடித்தவன், சத்தமாக வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்க மாட்டேன் என்கிறான்' என்று என்னிடம் அனுப்பினார்கள். இரண்டு நாள் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் கிரிக்கெட் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வாசித்தால் சிரிப்பார்கள் என்றான். அவனுக்கு இருந்தது வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியா. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் நான் பட்ட பாடு பெரிது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், பக்கத்துத் தெருவில் சௌராஷ்டிரம் என்று வளரும் பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பு வரவில்லையென்றால், அது கற்றல் குறைபாடா, மொழி பழகாததா, முதலிரண்டு வகுப்புகளில் யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்காததா, கண்ணா, காதா? விட்மர் 1896இல் கேட்ட அதே கேள்வி. பினே-காமத், மாலின் அறிவுத்திறன் சோதனை என்று எதைக் கையில் எடுத்தாலும், அதற்கு முன் அவன் தமிழில் எப்படி வாசிக்கிறான் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளில் ஒன்றாகக் கற்றல் குறைபாட்டையும் ஏற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுதுபவர் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழைப் பள்ளி ஆலோசகர் தர முடியாது. அரசு மருத்துவமனையின் குழுதான் தர வேண்டும். நான் கண்டுபிடித்ததைச் சொல்ல என் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்ற அந்த நாள்தான் என்னை எம்.பில். பக்கம் தள்ளியது.

பள்ளியின் இன்னொரு சோதனை, இரகசியம். ஒரு பிள்ளை உங்களிடம் பேசி முடித்த அரை மணி நேரத்தில் தலைமையாசிரியர் அழைத்து 'என்ன சொன்னான்?' என்பார். பெற்றோர் 'நாங்கள் கட்டணம் கட்டுகிறோம்' என்பார்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முதல் வாரத்திலேயே நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே வேளையில் பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் மறைக்க உங்களுக்கு உரிமையில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் அது குற்றம். பள்ளியின் நற்பெயர் கெடும் என்று உங்களைச் சுற்றி நான்கு பேர் நிற்பார்கள். வேலை போனாலும் போகட்டும் என்று அந்த நேரத்தில் நிற்கும் துணிவு உங்களிடம் இருக்கிறதா? மருத்துவமனையில் உங்களுக்குப் பின்னால் ஒரு துறை நிற்கும். பள்ளியில் நீங்கள் ஒருவர்தான்.

வெளிநாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் கணக்கே மாறும். அமெரிக்காவில் மருத்துவ உளவியலாளராக உரிமம் பெற முனைவர் பட்டம் வேண்டும். பள்ளி உளவியலாளராக அதற்குக் குறைந்த சிறப்புப் பட்டத்தோடு பெரும்பாலான மாநிலங்களில் வேலைக்குச் சேரலாம். இங்கிலாந்தில் மருத்துவ உளவியல், கல்வி உளவியல் இரண்டுக்கும் மூன்றாண்டு முனைவர் பயிற்சி. நம் எம்.பில்.லை அங்கே நேரடியாக ஏற்பார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

மூன்று பாதைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. நாம் ஆங்கிலத்தில் படிக்கிறோம். வருகிறவர்கள் தமிழில் நோகிறார்கள். 'டிப்ரஷன்' என்று யாரும் சொல்வதில்லை. நெஞ்சு அடைக்கிறது என்பார்கள், உடம்பெல்லாம் எரிகிறது என்பார்கள், மனசு விட்டுப்போயிற்று என்பார்கள். இந்த மூன்றும் ஒன்றல்ல. எரிச்சல் என்ற சொல் வயிற்றையும் குறிக்கும், கோபத்தையும் குறிக்கும். எது என்று கேட்டறியாமல் படிவத்தில் குறித்துக்கொண்டால் கணிப்பே தவறிப்போகும். வயதில் மூத்தவர் நம்மை 'அம்மா' என்றோ 'பாப்பா' என்றோ அழைப்பார். பாடநூல் சொல்லும் இடைவெளியை அங்கே எப்படிக் காப்பது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. எந்தப் பாதையில் போனாலும், பயிலும் ஆண்டுகளிலேயே தமிழில் கேஸ் எழுதிப் பழகுங்கள். நோயாளி சொன்ன சொல்லையே எழுதுங்கள், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை எழுதாதீர்கள்.

அண்ணன் மகளுக்கு நான் சொன்னதை இப்போது சொல்லிவிடுகிறேன். மருத்துவ உளவியல்தான் வேண்டும் என்று மனம் உறுதியாக இருந்தால் தள்ளிப்போடாதே. வயதும் குடும்பமும் கூடக்கூட இரண்டு ஆண்டு முழுநேரம் என்பது எட்டாமல் போய்விடும். நான் முப்பதுக்கு மேல் போனபோது என் மகனுக்கு மூன்று வயது, அந்த இரண்டு ஆண்டுகளை என் அம்மாதான் சுமந்தார். வீட்டில் உடனே சம்பளம் தேவை என்றால் பள்ளிக்குப் போ. குறைந்த சம்பளமானாலும் கை தேர்ந்துவிடும், எந்தப் பிள்ளையை எங்கே அனுப்ப வேண்டும் என்ற கண் திறந்துவிடும். பிறகு மேலே படிக்கப் போகும்போது அந்தக் கண்ணோடு போவாய். ஆலோசனை உளவியலைத் தேர்ந்தெடுத்தால், தனியாகத் தொடங்காதே. முதல் மூன்று ஆண்டுகள் ஒரு குடிமீட்பு மையத்திலோ கல்லூரியிலோ, உன்னைக் கேள்வி கேட்க ஒருவர் இருக்கும் இடத்தில் வேலை செய். அவள் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதே என் ஆசை. அதையும் மறைக்கவில்லை.

முடிவு செய்வதற்கு முன் ஒரு வாரம் மூன்று இடங்களுக்கும் போய்வரச் சொன்னேன். நோயாளியோடு அறைக்குள் உட்கார அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. வெளியே உட்காரலாம் இல்லையா? பள்ளியில் ஒரு தோழியின் ஏற்பாட்டில் இரண்டு நாள், குடிமீட்பு மையம் ஒன்றில் இரண்டு நாள், எங்கள் புறநோயாளிப் பிரிவின் தாழ்வாரத்தில் இரண்டு நாள். சனிக்கிழமை இரவு வந்தாள். பள்ளியைப் பற்றி ஒரு வரி, மையத்தைப் பற்றி ஒரு வரி. அதன் பிறகு முழுவதும், தாழ்வாரத்தில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனைப் பற்றியே பேசினாள். அவர் மகன் உள்ளே இருந்தான். கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார், அதில் மகனின் பழைய மாத்திரை அட்டைகள் எல்லாம் தேதி எழுதி அடுக்கியிருந்தன, எட்டு ஆண்டுக்கு உரியவை. 'அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசுவார்களா அத்தை?' என்று கேட்டாள். எப்போதாவது, நேரம் இருந்தால், என்றேன். அது போதாது என்றாள்.

நுழைவுத் தேர்வுக்காக நான் எழுதி வைத்திருந்த பழைய குறிப்பேடுகளை மறுநாள் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன்.